போனின் ஆர்முடுகல்மானியை ட்ராக் ஓட்டத்துக்கு அளவு திருத்துவது எப்படி? வன்னிப் பெடியன்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வருடத்தில் சில தடவை ஒரு பழைய காரையோ 150 சீசீ மோட்டார்சைக்கிளையோ கொண்டுபோய் ட்ராக்கில் ஓடுவேன். பரந்தன், மாங்குளம், புதுக்குடியிருப்பு, வவுனியா என்று பல இடங்களில் இருந்தும் ஓட்டத்தில் ஆர்வமுள்ளவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தரவு பதியும் கருவிகளை வாங்க இங்கே எத்தனை பேரிடம் காசு இருக்கிறது? ஆனால் போன் எல்லோரிடமும் இருக்கிறது. அதற்குள் ஆர்முடுகல்மானி (accelerometer), அதாவது வேகம் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் சென்சர், இருக்கிறது. அந்தப் போனை ஒழுங்காக அளவு திருத்தினால் பிறேக்கை எங்கே, எவ்வளவு பிடித்தோம் என்று அது நேர்மையாகச் சொல்லும். திருத்தாவிட்டால் பிழையான பாடத்தைத்தான் படிப்பிக்கும், அதை நம்பி ஓடுவது ஆபத்து.

அண்ணை, இந்தச் சென்சர் உண்மையில் எதை அளக்கிறது?

சிலிக்கனில் செதுக்கிய மிகச் சிறிய திணிவு ஒன்று, மயிரைவிட மெல்லிய விற்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வண்டி பிறேக் பிடித்தால் அந்தத் திணிவு கொஞ்சம் நகரும், பக்கத்துத் தகடுகளுடன் அதற்குள்ள கொள்ளளவம் மாறும், அந்த மாற்றம்தான் எண்ணாக வெளியே வருகிறது. இப்படி மூன்று அச்சுகளுக்கு.

இதில் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் என்னவென்றால், மேசையில் சும்மா கிடக்கும் போன் பூச்சியம் காட்டாது. அன்ட்ரோயிட் போனைத் திரை மேலே பார்க்க வைத்தால் இசட் அச்சு, அதாவது திரைக்குச் செங்குத்தான அச்சு, +9.8 (செக்கனுக்குச் செக்கன் மீற்றர்) அளவில் காட்டும். ஐபோன் அதே நிலையில் ஜி அலகில் −1 காட்டும் (1 ஜி என்பது அந்த 9.8தான்), குறி மட்டும் மாறி இருக்கும். புவியீர்ப்பு எது, வண்டியின் ஆர்முடுகல் எது என்று பிரித்துப் பார்க்க அந்தச் சென்சருக்கு எந்த வழியும் கிடையாது. ஆகவே போன் சற்றுச் சரிந்தாலே அது ஆர்முடுகலாகத் தெரியும். 1 பாகை சரிவு 0.017 ஜி, 5 பாகை சரிவு 0.087 ஜி. நல்ல காய்ந்த தார்த் தரையில் சாதாரண றோட்டு ரயரின் பிடி 0.8 முதல் 1 ஜி வரைதான் என்று நினைத்துப் பாருங்கள், 5 பாகை என்பது அதில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு.

தொழிற்சாலையிலேயே திருத்தித்தானே அனுப்புகிறார்கள், பிறகு நாங்கள் ஏன் திருத்த வேண்டும்?

திருத்தித்தான் அனுப்புகிறார்கள், ஆனால் சென்சரை பலகையில் ஒட்டி ஈயம் வைக்கும்போது வரும் இறுக்கத்தாலும், பிறகு வருடக்கணக்கான சூட்டாலும் அடியாலும் பூச்சியம் கொஞ்சம் நகர்ந்துவிடும். ஆய்வுகூடத்தில் திருகுக் கணிச்சியின் பூச்சிய வழுவைப் பார்த்துக் கழித்திருப்பீர்களே, இதுவும் அதேதான். போன் சென்சர்களில் இந்த வழு பொதுவாகச் சில பத்து மில்லி ஜி வரை இருக்கலாம். போன் திரையைத் திருப்பவும் அடியெடுப்புகளை எண்ணவும் அது போதும். எங்களுக்குப் போதாது.

ஒரு கணக்குப் போடுவோம். 0.02 ஜி பிழை என்றால் செக்கனுக்குச் செக்கன் 0.196 மீற்றர். அதை 60 செக்கனுக்குக் கூட்டிக்கொண்டே போனால் வேகத்தில் 11.8 மீற்றர், அதாவது மணிக்கு 42 கிலோமீற்றர் பிழை வந்து நிற்கும். அதனால்தான் ஆர்முடுகல்மானியை மட்டும் வைத்து வேகம் கணிக்கக்கூடாது, வேகத்துக்கு ஜிபிஎஸ் வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

என் போன் 9.78 காட்டுகிறது. புத்தகத்தில் 9.81 என்றுதானே இருக்கிறது, சென்சர் பழுதா?

இல்லை, உங்கள் போன் சரியாகத்தான் சொல்கிறது. நியம புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.80665, ஆனால் பூமத்திய ரேகைக்குக் கிட்ட வர வர அது குறையும். கிளிநொச்சி வடக்கு அகலாங்கு 9.4 பாகை அளவில் இருக்கிறது, அங்கே கணித்தால் 9.78தான் வரும். வித்தியாசம் 0.25 சதவீதம், ஓட்டத்தில் உங்களுக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் திருத்தும்போது 9.81 என்று போட்டுச் சென்சரைப் பிழை சொல்லாதீர்கள். வன்னிக்கு 9.78 என்று எழுதி வையுங்கள்.

சரி, சென்சரை எப்படித் திருத்துவது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

இரண்டு வேலை இருக்கிறது, இரண்டையும் குழப்பக்கூடாது. முதலாவது சென்சரின் சொந்த வழுவைக் கண்டுபிடிப்பது, இது வீட்டில் செய்வது. இரண்டாவது வண்டியில் பூட்டிய பிறகு பூச்சியம் வைப்பது.

வீட்டு வேலைக்கு ஃபைஃபொக்ஸ் என்ற செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் செய்தது, இலவசம், சென்சர் சொல்வதை உள்ளபடியே காட்டும். அதில் புவியீர்ப்பும் சேர்ந்து வரும் ஆர்முடுகலைத் தெரிவு செய்யுங்கள். போனை ஆறு நிலைகளில் வைக்க வேண்டும்: திரை மேலே, திரை கீழே, வலது விளிம்பில், இடது விளிம்பில், நிமிர்த்தி, தலைகீழாக. ஒவ்வொரு நிலையிலும் 20 செக்கன் தொடாமல் விட்டு, நிலைக்குத்தாக இருக்கும் அச்சின் சராசரியை மட்டும் எழுதுங்கள்.

உதாரணத்துக்கு இசட் அச்சு திரை மேலே இருக்க 9.92, திரை கீழே இருக்க −9.70 காட்டுகிறது என்று வைப்போம். இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்தால் 0.11, அதுதான் பூச்சிய வழு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து இரண்டால் பிரித்தால் 9.81, அதை 9.78ஆல் பிரித்தால் 1.003, அதாவது அளவுத்திட்டத்தில் 0.3 சதவீதம் கூட. பிறகு வரும் ஒவ்வொரு வாசிப்பிலும் 0.11 கழித்து 1.003ஆல் பிரிக்க வேண்டியதுதான். மற்ற இரண்டு அச்சுக்கும் இதே கணக்கு.

போனின் விளிம்பு உருண்டையாக இருக்கிறது, நிமிர்த்தி வைத்தால் நிற்குதில்லை. பிழை வராதா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு தங்கச்சி, மிக நல்ல கேள்வி. ஒரு சின்ன வாளியில் அரிசியைப் போட்டு அதற்குள் போனைப் பாதி புதைத்து நிமிர்த்துங்கள், போதும். சரியாக நிலைக்குத்தாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. 2 பாகை சரிந்து நின்றாலும் நிலைக்குத்து அச்சின் வாசிப்பு கோசைன் 2 பாகையால் பெருகும், அது 0.9994, அதாவது குறைவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே 2 பாகை கிடை அச்சில் சைனாக வந்து 0.035 ஜி பிழை தரும். அதனால்தான் ஒவ்வொரு நிலையிலும் நிலைக்குத்து அச்சை மட்டும் எழுதச் சொன்னேன். ஆறு நிலை முறையின் அழகே இதுதான், மட்டமான மேசை இல்லாத வீட்டிலும் சரியான விடை வரும்.

வண்டியில் பூட்டிய பிறகு செயலியில் உள்ள கலிபிரேட் பொத்தானை அமத்தினால் போதாதா?

அந்தப் பொத்தான் செய்வது ஒரே ஒரு வேலை. அமத்துகிற நேரத்தில் சென்சர் என்ன சொல்கிறதோ அதை "இதுதான் ஓய்வு" என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் நிற்கும் நிலம் சரிவாக இருந்தால் அந்தச் சரிவும் பூச்சியத்துக்குள் போய்விடும், பிறகு நாள் முழுக்க ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பிழை கூடவே வரும்.

மட்டமான நிலம் என்று பார்த்தால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவு வருவது நெல் ஆலைகளில் நெல் காயப்போடும் சீமெந்துத் தளம். பார்க்க மட்டமாக இருக்கும், ஆனால் மழைத் தண்ணீர் ஓடுவதற்காக அதற்கு வாட்டம் விட்டுத்தான் கட்டியிருப்பார்கள். றோட்டும் அப்படித்தான், நடுவிலிருந்து கரைக்கு 2.5 சதவீத வாட்டம் என்றால் அதுவே 0.025 ஜி. மேசன்மாரிடம் தண்ணீர் நிரப்பிய குழாயை வாங்கி நான்கு சில்லும் நிற்கும் இடங்களை மட்டம் பார்க்கலாம், அது மிக நம்பகமானது.

அதைவிட இலகுவான வழி ஒன்று இருக்கிறது. சில்லுகள் நிற்கும் இடத்தைச் சோக்கால் அடையாளம் போடுங்கள், வாசிப்பை எடுங்கள், பிறகு வண்டியை அப்படியே திருப்பி அதே அடையாளங்களில் எதிர்த் திசையைப் பார்க்க நிறுத்தி இன்னொரு வாசிப்பு எடுங்கள். முதல் தடவை நெடுக்கு அச்சு, அதாவது வண்டியின் முன்பின் அச்சு, 0.031 ஜி, திருப்பிய பிறகு −0.009 ஜி என்றால் சராசரி 0.011 ஜி. அதுதான் நீங்கள் கழிக்க வேண்டிய உண்மையான பூச்சியம். மிச்சம் 0.020 ஜி நிலத்தின் சரிவு, மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர். இந்த முறைக்கு மட்டமான நிலமே தேவையில்லை, நிலம் எப்படி இருந்தாலும் அதன் சரிவு தானாகவே வெட்டுப்பட்டுப் போகும். இதைச் செய்யும்போது ஓட்டுபவர் இருக்கையில் இருக்க வேண்டும், பெற்றோலும் ஓடும் நாளில் இருக்கும் அளவு இருக்க வேண்டும், ரயர் காற்றும் சரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் இவை எல்லாம் வண்டி நிற்கும் சாய்வை மாற்றும்.

போனை எங்கே, எப்படிப் பூட்டுவது?

அளவு திருத்தத்தில் முக்கால்வாசி இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது என்பது என் முடிவு. நான் முதல் தடவை தரவு பதிந்தபோது கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் பிடி ஒன்றைப் பாவித்தேன். காலையில் பூச்சியம் வைத்து ஓடத் தொடங்கினேன், மத்தியானம் தரவைப் பார்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் இடது வளைவில் மட்டும் நான் வேகமாகிக்கொண்டே போனது போல இருந்தது. சந்தோஷப்பட்டேன். அடுத்த நாள் அதை நம்பி அந்த வளைவுக்குள் கொஞ்சம் கூட வேகமாக நுழைந்து, பின்பக்கம் வழுக்கி, மண் கரைக்குள் போய்த்தான் நின்றேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பார்த்தால் சூட்டில் பிடியின் கழுத்து இளகி, போன் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. 5 பாகை இருக்கும். அன்றிலிருந்து கழுத்து நீண்ட பிடி எதையும் நான் பாவிப்பதில்லை.

காரில் என்றால் இரண்டு இருக்கைக்கும் நடுவில், கியர் தண்டுக்குக் கிட்ட, தரையோடு சேர்ந்த கெட்டியான இடத்தில் படுக்கையாகப் பூட்டுங்கள். அந்த இடம் வண்டியின் திணிவு மையத்துக்கும் கிட்ட, ஆட்டமும் குறைவு. இரண்டு பக்கம் ஒட்டும் தடித்த ரேப்பும் அதற்கு மேல் கேபிள் ரையும் போதும். கையால் தள்ளிப் பாருங்கள், போன் தனியாக அசையாமல் வண்டியோடு சேர்ந்து அசைந்தால்தான் சரி. இன்னொரு காரணமும் இருக்கிறது, அவசரமாகப் பிறேக் பிடிக்கும்போதோ மோதும்போதோ கழன்ற போன் உங்கள் முகத்துக்குத்தான் வரும்.

நிலைக்குத்து அச்சைச் சுற்றி போன் திரும்பி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், அதை நின்ற இடத்தில் கண்டுபிடிக்க முடியாது. நேரான பாதையில் பலமாகப் பிறேக் பிடியுங்கள். பக்க அச்சு பூச்சியத்தில் நிற்க வேண்டும். 0.8 ஜி பிறேக்குக்குப் பக்கத்தில் 0.07 ஜி தெரிந்தால் போன் 5 பாகை திரும்பி இருக்கிறது, திருத்துங்கள்.

மோட்டார்சைக்கிளிலும் இதே முறைதானா? வளைவில் பக்க ஜி ஒன்றுமே காட்டவில்லை!

காட்டாது, அது சரியான வாசிப்பு. வளைவில் சாய்ந்து ஓடும்போது புவியீர்ப்பும் வளைவின் ஆர்முடுகலும் சேர்ந்து வரும் விளையுள், வண்டியின் நடுத் தளத்தின் வழியேதான் போகிறது, இல்லாவிட்டால் நீங்கள் விழுந்துவிடுவீர்கள். ஆகவே வண்டியோடு சாயும் போனில் பக்க அச்சு பூச்சியத்துக்குக் கிட்டவே நிற்கும், மேல்கீழ் அச்சுத்தான் கூடும். 45 பாகை சாய்வில் உண்மையான பக்க ஆர்முடுகல் 1 ஜி, போனின் மேல்கீழ் அச்சு 1.41 ஜி காட்டும். இதிலிருந்து சாய்வைத் திருப்பிக் கணிக்கலாம்: 1ஐ அந்த வாசிப்பால் பிரித்தால் கோசைன் வரும். மேடு பள்ளம் உள்ள இடத்தில் இந்தக் கணக்குச் சரிவராது. ஜிபிஎஸ் தரும் வேகத்தையும் பாதையின் வளைவையும் வைத்துக் கணிப்பதுதான் மோட்டார்சைக்கிளுக்கு நம்பகமானது. நெடுக்கு அச்சு, அதாவது பிறேக்கும் இழுவையும், காரைப் போலவே பயன்படும்.

பக்கத் தாங்கியில் நிற்கும்போது பூச்சியம் வைக்காதீர்கள். இதுதான் நான் அதிகம் காணும் பிழை. வண்டி 10 பாகை சாய்ந்து நின்றால் 0.17 ஜி அப்படியே பிழையாகப் போய்விடும். ஒருவர் முன்னால் நின்று கைபிடியைப் பிடித்து நிமிர்த்த, நீங்கள் ஏறி இருந்து, பிறகு வையுங்கள். கைபிடியில் போனைப் பூட்டுவதும் வேண்டாம், கைபிடி திரும்ப போனும் திரும்பும். ராங்கிக்கு மேலே அல்லது இருக்கைக்குக் கீழே நல்லது.

மோட்டார்சைக்கிளில் பூட்டினால் கமரா பழுதாகும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2021 செப்ரெம்பரில் அப்பிள் நிறுவனமே இதைப் பற்றி அறிவித்தது. கைநடுக்கத்தைச் சமன்செய்யும் வில்லை உள்ள கமராக்களை, சக்தி கூடிய மோட்டார்சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு நாளடைவில் கெடுக்கலாம் என்றார்கள். புதிய விலை கூடிய போனைப் பூட்டாதீர்கள். மேசை லாச்சியில் கிடக்கும், திரை வெடித்த பழைய போன் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணினதும் எண்கள் துள்ளுகின்றன, என்ன செய்வது?

இது கொஞ்சம் ஆழமான விஷயம். நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் செக்கனுக்கு 100 சுற்று, ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் முக்கிய அதிர்வின் மீடிறன் 100 ஹேர்ட்ஸ். உங்கள் செயலியும் செக்கனுக்கு 100 தடவை வாசித்தால், ஒவ்வொரு தடவையும் அதிர்வின் அதே கட்டத்தில் போய் வாசிக்கும். துள்ளுகிற ஒன்று ஆடாமல் நிற்பது போலத் தெரியும், இல்லாத ஒரு ஜி இருப்பதாகச் சொல்லும். துள்ளல் கண்ணுக்குத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை, தெரியாமல் பூச்சியத்தை நகர்த்துகிற இந்தப் பிழைதான் மோசம். அன்ட்ரோயிட் 12இலிருந்து, விசேஷ அனுமதி கேட்காத செயலிகளுக்குச் செக்கனுக்கு 200 வாசிப்பு என்று எல்லை வைத்திருக்கிறார்கள். உங்கள் போன் தருகிற கூடிய வேகத்தில் பதியுங்கள்.

இதற்கு நான் செய்யும் சோதனை: வண்டியை நியூற்றலில் நிமிர்த்தி வைத்து, எஞ்சின் நின்றபடி 20 செக்கன், பிறகு 3000, 5000, 6000 சுற்றுகளில் 20 செக்கன் வீதம் பதிந்து, சராசரிகளை ஒப்பிடுவேன். வண்டி நகரவில்லை, ஆகவே சராசரி மாறவே கூடாது. 0.01 ஜிக்கு மேல் மாறினால் பூட்டிய விதம் பிழை. போனுக்குக் கீழே மெல்லிய ரப்பர்ப் பாய் ஒன்றைப் போட்டு மறுபடி பாருங்கள். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி இரண்டு மடிப்பாகப் போட்டே எனக்குச் சரிவந்தது.

சென்சரின் எல்லையையும் பாருங்கள். ஃபைஃபொக்ஸில் சென்சர் விபரத்தில் 39.2 என்று இருந்தால் அது 4 ஜி வரைதான் அளக்கும், 78.4 என்றால் 8 ஜி. அதிர்வின் உச்சம் இந்த எல்லையில் முட்டி வெட்டுப்பட்டால் சராசரி ஒரு பக்கம் இழுபடும். கிரவல் ட்ராக்கில் பாய்ந்து விழும்போது இது நடக்கும். ஆகாயத்தில் இருக்கும்போது மூன்று அச்சும் பூச்சியத்துக்கு வருவதும் அப்போதுதான், அது சென்சர் நின்றுபோனதால் அல்ல.

வாசிப்பின் துள்ளலைக் குறைக்கும் வடிகட்டல் எவ்வளவு வைப்பது?

வண்டியின் அசைவுகள் செக்கனுக்குச் சில தடவைக்குள்தான். கால் செக்கன் முதல் அரை செக்கன் வரை சராசரி எடுத்தால் கோடு தெளிவாக வரும். ஆனால் அரைச் செக்கன் பின்னோக்கிச் சராசரி எடுத்தால் வாசிப்பு கால் செக்கன் பிந்தும், மணிக்கு 100 கிலோமீற்றரில் அது 7 மீற்றர். "நான் பிறேக் அடையாளப் பலகைக்கு முன்னமே பிறேக் பிடித்தேனே, போன் பிந்திக் காட்டுகிறதே" என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

போனை எட்டுப் போல ஆட்டினால் திருத்தமாகும் என்று ஒருவர் சொன்னார்.

அது திசைகாட்டிக்கு, காந்த சென்சருக்கு. ஆர்முடுகல்மானிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

புவியீர்ப்பைக் கழித்துத் தருகிற முறையைத் தெரிவு செய்தால் இவ்வளவு பாடும் தேவையில்லைத்தானே?

பார்க்க வசதியாகத் தெரியும், ட்ராக்கில் வேண்டாம். எது புவியீர்ப்பு என்று போன் ஊகிக்கிறது, ஆட்டம் குறைந்து நெடுநேரம் நிலைத்து நிற்பதைக் கீழ்நோக்கிய திசை என்று எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது. நீண்ட வளைவொன்றில் ஐந்தாறு செக்கன் ஒரே ஜியில் போனால் அதில் ஒரு பகுதியையும் புவியீர்ப்பு என்று நினைத்துக் கழித்துவிடும். வளைவு முடிந்து நேரான பாதைக்கு வந்ததும் எதிர்ப் பக்கம் ஒரு பொய்யான ஜி காட்டும். கழிக்காத வாசிப்பைப் பதிந்து, நீங்களே கழியுங்கள்.

எல்லாம் செய்தும் என் கார் வளைவில் 1.07 ஜி காட்டுகிறது. நம்பலாமா?

அப்படியே நம்பாதீர்கள். வளைவில் கார் வெளிப்பக்கம் சரியும், போனும் கூடச் சரியும், சரிவின் பங்கு உண்மையான ஆர்முடுகலோடு சேர்ந்துகொள்ளும். 4 பாகை சரியும் மெத்தென்ற வண்டி உண்மையில் 1 ஜியில் போனால் 1.07 காட்டும். பிறேக்கில் மூக்குக் குத்தும்போதும் இதே மாதிரிக் கூடத்தான் காட்டும். இதைப் பூச்சியம் வைத்துத் திருத்த முடியாது, வளைவில் எவ்வளவு சரிகிறது என்று கண்டுபிடித்துக் கழிக்க வேண்டும். ஆனால் உங்களையே உங்களோடு ஒப்பிடுவதற்கு, நேற்றைய சுற்றுக்கும் இன்றைய சுற்றுக்கும், இது தடையில்லை, ஏனென்றால் அதே வண்டி அதே அளவுதான் சரிகிறது. வேறொருவரின் வண்டியோடு ஒப்பிடும்போதுதான் கவனம் வேண்டும். சாதாரண றோட்டு ரயரில் 1.3, 1.4 என்று நிலைத்து நின்றால் அது கட்டாயம் பிழை.

எங்கள் வெயில் சென்சரைக் குழப்புமா?

குழப்பும். பூச்சியம் ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் 1 மில்லி ஜி அளவோ அதற்குக் குறைவாகவோ நகரும். கச்சான் காற்று வீசுகிற ஆடி மாதத்தில் காருக்குள் வைத்த போன் 25 பாகை கூடச் சூடாவது ஒன்றும் புதினமில்லை, அப்போது 0.02 ஜிக்கு மேல் போய்விடலாம். நிழலில் வைத்துத் திருத்திவிட்டு வெயிலில் ஓடாதீர்கள். போனைப் பூட்டி, செயலியை ஓட விட்டு, 20 நிமிடம் கழித்து பூச்சியம் வையுங்கள். ஐபோனுக்கு அப்பிள் சொல்லும் பாவனை வெப்ப எல்லையே 35 பாகைதான், வன்னியில் அது காலை பத்து மணிக்கே வந்துவிடும் நாட்கள் உண்டு. முன் கண்ணாடிக்குக் கீழே வைக்காமல் தரையில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

திருத்தியது சரியா என்று எப்படி உறுதிப்படுத்துவது?

இரண்டு சோதனை. ஒன்று பிறேக். மணிக்கு 60 கிலோமீற்றரில் இருந்து 2.5 செக்கனில் நின்றால் சராசரி அமர்முடுகல் 6.67, அதாவது 0.68 ஜி. ஜிபிஎஸ் வேகத்திலிருந்து வரும் இந்த எண்ணும் போனின் சராசரியும் மூக்குக் குத்துவதன் சிறு வித்தியாசத்தைத் தவிரப் பொருந்த வேண்டும்.

மற்றது வட்டம். கெட்டியான காய்ந்த தரையில் முளை அடித்து, 15 மீற்றர் கயிற்றால் வட்டம் போட்டு, அதில் போன் இருக்கும் புள்ளி போகும்படி ஆறுதலாகச் சுற்றுங்கள். ஒரு சுற்றுக்கு 14 செக்கன் எடுத்தால் வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர், மையநாட்ட ஆர்முடுகல் 3.02, அதாவது 0.31 ஜி. கார் கொஞ்சம் சரிவதையும் சேர்த்தால் 0.33 அளவில் காட்டலாம். இடஞ்சுழியாகவும் வலஞ்சுழியாகவும் சுற்றி, இரண்டு வாசிப்பின் வித்தியாசத்தில் பாதியை எடுங்கள், பூச்சிய வழுவும் நிலச் சரிவும் இரண்டும் போய்விடும்.

இதற்கு இடம் தேடும்போது ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். தெரியாத வெட்டைக்குள் வண்டியை இறக்காதீர்கள். முகமாலைப் பக்கம் போல கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்த, நடக்கிற இடங்கள் எங்கள் மண்ணில் உண்டு. மண்டையோட்டுப் பலகை இருந்தால் கிட்டவும் போக வேண்டாம், பலகை இல்லாவிட்டாலும் அந்த நிலத்தை நாளாந்தம் பாவிக்கிற ஆட்களிடம் கேட்டு, சொந்தக்காரரின் அனுமதியோடு மட்டும் இறங்குங்கள்.

ஏ9 வீதியில் விடியப்புறம் ஆள் இல்லாத நேரம் சோதிக்கலாமா?

கூடாது. ஓமந்தையில் இருந்து ஆனையிறவு வரை நேராகத்தான் கிடக்கிறது, ஆசை வரும், எனக்கும் வந்திருக்கிறது. அந்த நேரத்தில்தான் மாடுகள் றோட்டில் படுத்திருக்கும், மீன் கொண்டுபோகிறவர்களும் தோட்டத்துக்குப் போகிறவர்களும் லைற் இல்லாத சைக்கிளில் வருவார்கள், முறிகண்டியில் பஸ்ஸை நிற்பாட்டிச் சனம் குறுக்கே நடக்கும். பூச்சியம் வைக்கவும் அதிர்வைச் சோதிக்கவும் வண்டி ஓடவே தேவையில்லை. பலமான பிறேக் சோதனையை ட்ராக்குக்குப் போன பிறகு முதல் இரண்டு சுற்றில் செய்யலாம்.

வன்னிக்குள் ட்ராக் இல்லையே, எங்கே போவது?

வவுனியாவுக்குத் தெற்கே அனுராதபுரத்தில் சாலியபுர கஜபா சுப்பர்குரோஸ் ட்ராக் இருக்கிறது, கிரவல். பண்டாரகமவில் கார்ட்டிங் ட்ராக், தார். தமிழ்நாட்டுப் பக்கம் போக வசதி உள்ளவர்களுக்கு சென்னைக்குக் கிட்ட இருங்காட்டுக்கோட்டையிலும், கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்திலும் உண்டு. கிரவலில் பிடி குறைவு, ஜி எண்களும் சின்னதாகவே வரும், ஆகவே அங்கே பூச்சியம் 0.02 தவறினால்கூட விகிதத்தில் அது பெரிய பிழை.

எந்தச் செயலி, வெளி ஜிபிஎஸ் வேண்டுமா?

நான் ரேஸ்குரோனோ பாவிக்கிறேன், ஹாரிஸ் லாப்ரைமரும் நல்லது. போனின் சொந்த ஜிபிஎஸ் பொதுவாகச் செக்கனுக்கு ஒரு தடவைதான் இடம் சொல்லும், மணிக்கு 100 கிலோமீற்றரில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததுக்கும் 28 மீற்றர் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் என்ன நடந்தது என்று சொல்லத்தான் ஆர்முடுகல்மானி தேவைப்படுகிறது. காசு சேர்ந்தால் முதலில் வாங்க வேண்டியது புது போன் அல்ல, செக்கனுக்கு 10 தடவையோ அதற்கு மேலோ வாசிக்கும் வெளி ஜிபிஎஸ். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றை வாங்கினாலும் போதும்.

எத்தனை நாளுக்கு ஒருக்கால் திருத்த வேண்டும்?

ஆறு நிலைக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருக்கால், போன் கீழே விழுந்தால் உடனே. வண்டியில் பூச்சியம் ஒவ்வொரு ஓட்ட நாளிலும், காலையில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. ஓடி முடிந்ததும் காலையில் நின்ற அதே சோக் அடையாளத்தில் நிறுத்தி வாசிப்பை மறுபடி எடுங்கள், காலை வாசிப்பிலிருந்து 0.02க்கு மேல் மாறியிருந்தால் அன்றைய தரவை நம்ப வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு சீஆர் கொப்பியில் எழுதுங்கள்: திகதி, வண்டி, போன் பூட்டிய இடம், ரயர் காற்று, பெற்றோல் அளவு, வெயிலா மப்பா, ஆறு நிலை வழு, காலைப் பூச்சியம், பின்னேரப் பூச்சியம். என் கொப்பியில் இப்போது மூன்று வருடம் இருக்கிறது, யாருக்காவது மாதிரிப் பக்கம் வேண்டுமென்றால் பார்த்து எழுதிக்கொண்டு போகலாம்.